கடனில் பறப்பதும் கணக்கில் பறப்பதும்

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி விடுமுறை. மகன் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் விமான விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு போர் விமானம் நிலத்தை ஒட்டித் தாழப் பறந்தது. அந்த இரைச்சல் ஸ்பீக்கரில் வந்ததும் நான் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிச் சமையலறைக்குப் போய்விட்டேன். "இது கேம்தானே அப்பா, ஏன் எழும்பிப் போறீங்கள்?" என்று அவன் பின்னால் வந்து கேட்டான். பொம்மர், கிபிர் என்பவை இங்கே பிறந்த பிள்ளைக்கு வெறும் சொற்கள். "சத்தத்தைக் குறை" என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு அவன் ஹெட்போன் போட்டுக்கொண்டான். வீடு அமைதியானது. எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சும் குறைந்தது. சில மாதங்கள் கழித்து அவனே வந்து, "அப்பா, இது வேற கேம். இதில சுடுறதே இல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டான். போய் இருந்தேன். அன்றிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். விமான விளையாட்டு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்த என்னைப் போன்ற பெற்றோருக்கு இது பயன்படலாம்.

இரண்டு குடும்பங்கள்

கொன்சோல்களில் வரும் விமான விளையாட்டுகள் இரண்டு பெரிய குடும்பங்களாக இருக்கின்றன. ஒன்று ஆர்கேட் வகை. காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் வைத்த கடைகளிலிருந்து வந்த பெயர் அது. 1987 இல் ஜப்பானின் சேகா நிறுவனம் வெளியிட்ட 'ஆப்ரர் பேர்னர்' அந்தக் கடைகளில் புகழ்பெற்றது. இருக்கையே ஆடிச் சாயும் இயந்திரமும் அதற்கு இருந்தது. போட்ட காசுக்கு உடனே பரபரப்பு வேண்டும் என்பதே அங்கே விதி. அதே வழியில் நம்கோ நிறுவனம் 1995 இல் பிளேஸ்ரேஷனுக்குத் தொடங்கிய வரிசைதான் 'ஏஸ் கொம்பாட்'. அதன் ஏழாவது பாகம் 2019 ஜனவரியில் வந்தது. அதில் விமானங்கள் பெரும்பாலும் உண்மையானவை. நாடுகளும் போரும் கற்பனை.

மற்றையது சிமுலேற்றர் வகை, அதாவது உண்மைப் பறப்பை முடிந்தவரை ஒத்திருக்க முயல்வது. அதன் மூத்த பிள்ளை மைக்ரோசொப்டின் 'பிளைட் சிமுலேற்றர்'. புரூஸ் ஆர்ட்விக் என்ற அமெரிக்கர் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு வேலையிலிருந்து பிறந்த நிரல் அது. மைக்ரோசொப்டின் பெயரில் 1982 இல் ஐபிஎம் கணினிகளுக்கு வந்தது. பிரான்சின் போர்தோ நகரிலுள்ள அசோபோ நிறுவனம் செய்த புதிய பதிப்பு 2020 ஓகஸ்டில் கணினிக்கும், 2021 யூலையில் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் கொன்சோல்களுக்கும் வந்தது. அதற்கடுத்த பதிப்பு 2024 நவம்பரில் வந்தது.

இந்த இரண்டு குடும்பங்களும் தொடக்கத்தில் முழுதாகப் பிரிந்திருக்கவில்லை. 1982 பதிப்பிலேயே, சிக்காகோவில் அமைதியாகப் பறப்பதோடு, முதலாம் உலகப்போர் விமானச் சண்டை ஒன்றும் சேர்ந்திருந்தது. இன்று நிலைமை தலைகீழ். 2021 நவம்பரில் இதே பிளைட் சிமுலேற்றரில் எஃப்/ஏ-18 சூப்பர் ஹோர்னெற் என்ற போர் விமானத்தைச் சேர்த்தார்கள். அதில் ஆயுதம் எதுவும் வேலைசெய்யாது. மகன் சொன்னது அதைத்தான்.

உயரம் வைப்பு, வேகம் கைக்காசு

வணிகவியல் படித்துக் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு, இந்த வித்தியாசம் கணக்குப் புத்தகம் மூலமாகத்தான் விளங்கியது.

ஒரு விமானத்தின் உயரத்தை வங்கியில் போட்ட நிலையான வைப்பு என்று வையுங்கள். வேகம் கையில் இருக்கும் காசு. எஞ்சின் தருவது மாத வருமானம். காற்றின் இழுவை அன்றாடச் செலவு. மூக்கைக் கீழே சாய்த்தால் உயரம் குறைந்து வேகம் கூடும். அது வைப்பை உடைத்துக் காசாக்குவது. மூக்கை மேலே தூக்கினால் வேகம் குறைந்து உயரம் கூடும். அது காசை வைப்பில் போடுவது. எப்படி மாற்றினாலும் வழியில் கொஞ்சம் இழுவைக்குப் போய்விடும்.

திருப்பம் என்பது பெரிய செலவு. விமானத்தை 60 பாகை சரித்து, உயரம் குறையாமல் திருப்பினால், இறக்கைகள் அதன் நிறையைப்போல இரண்டு மடங்கைத் தாங்கவேண்டும். அதற்கு இறக்கையைக் காற்றுக்கு இன்னும் நிமிர்த்திப் பிடிக்கவேண்டும். ஓர் எல்லைக்கு மேல் நிமிர்த்தினால் காற்று இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும். தூக்கும் விசை சட்டென்று குறைந்து விமானம் விழத் தொடங்கும். இதைத்தான் 'ஸ்ரோல்' என்கிறார்கள். எஞ்சின் நின்றுபோவது அல்ல இது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும்.

நேராகப் பறக்கும்போது சுமார் 50 நொட் வேகத்தில் ஸ்ரோல் ஆகும் சிறிய செஸ்னா விமானம், இந்த 60 பாகைத் திருப்பத்தில் சுமார் 70 நொட்டிலேயே ஸ்ரோல் ஆகிவிடும். இரண்டின் வர்க்கமூலம் 1.41. அதை 50 ஆல் பெருக்கிப் பாருங்கள். 65 நொட்டில் "எனக்கு இன்னும் 15 நொட் மிச்சம் இருக்கிறது" என்று நம்பிக்கொண்டு இறுக்கமாகத் திருப்புபவர், உண்மையில் அப்போதே வங்குரோத்து. மேலே உயரம் இருந்தால் வைப்பை உடைத்து மீளலாம். ஓடுபாதைக்கு முன்னான கடைசித் திருப்பத்தில் வைப்பும் இருக்காது. சிறிய விமானங்களின் பல விபத்துகள் அந்த இடத்தில் நடப்பதற்குக் காரணம் இதுவே.

நல்ல சிமுலேற்றர் என்பது இரட்டைப் பதிவு முறையில் எழுதிய புத்தகம். ஒவ்வொரு வரவுக்கும் சமனான ஒரு செலவு எங்கோ பதியப்படும். ஆர்கேட் விளையாட்டு, மேலதிகப்பற்றுக்கு எல்லையே இல்லாத வங்கிக் கணக்கு. இறுக்கமாகத் திருப்பு, மீண்டும் திருப்பு, செங்குத்தாக ஏறு. எல்லாவற்றையும் வங்கி கொடுக்கும். ஏஸ் கொம்பாட்டிலும் மிக மெதுவாகப் போனால் விமானம் விழும். மேகத்துக்குள் நெடுநேரம் நின்றால் உறைபனி பிடிக்கும். ஆக வங்கி இடைக்கிடை ஒரு கடிதம் அனுப்பும். ஆனால் கணக்கை மூடுவதில்லை.

ஐந்து விநாடித் துப்பாக்கி

ஆயுதக் கணக்கில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். எஃப்-16 விமானத்தின் சுழல்துப்பாக்கி நிமிடத்துக்கு 6,000 குண்டுகள் சுடும். அதாவது விநாடிக்கு 100. விமானம் கொண்டுபோவது 511 குண்டுகள். விசையைத் தொடர்ந்து அழுத்தினால் ஐந்து விநாடியில் எல்லாம் முடிந்தது. எஃப்-22 தன் வயிற்றுக்குள் கொண்டுபோகும் வான்வழி ஏவுகணைகள் எட்டு. ஏஸ் கொம்பாட்டில் அதே விமானம் பல டசின் ஏவுகணைகளோடு கிளம்புகிறது. அவற்றை எங்கே வைத்திருக்கிறது என்று கேட்கக்கூடாது. கையிருப்புக் கணக்கெடுத்தால் எந்தக் கணக்காய்வாளரும் கையெழுத்திடமாட்டார்.

இது ஏமாற்று என்று நான் சொல்லவரவில்லை. எட்டு ஏவுகணையும் ஐந்து விநாடித் துப்பாக்கியும் மட்டும் என்றால் விளையாட்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும். மிகுதி நேரம் முழுவதும் போய்வருவதுதான். உண்மைப் பறப்பின் பெரும்பகுதி காத்திருப்பும் சரிபார்ப்பும். அந்த மணித்தியாலங்களை வெட்டி எறிந்து, உச்சக் கணங்களை மட்டும் ஒட்டித் தருவதே ஆர்கேட்டின் தொழில். நல்ல சினிமாவும் அதைத்தானே செய்கிறது.

நடுவில் நிற்பவை

இரண்டுக்கும் இடையில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. 2009 இல் பிளேஸ்ரேஷன் 3 க்கும் எக்ஸ்பொக்ஸ் 360 க்கும் வந்த 'ஐஎல்-2 ஸ்ரேர்மோவிக்: பேர்ட்ஸ் ஒஃப் பிரே', ஆர்கேட், உண்மைநிலை, சிமுலேற்றர் என்று மூன்று நிலைகளை ஒரே விளையாட்டில் வைத்தது. அதைச் செய்த நிறுவனத்தின் 'வோர் தண்டர்' இன்று கொன்சோல்களிலும் இருக்கிறது. அதன் ஆர்கேட் நிலையில், எங்கே குறிவைத்தால் குண்டு படும் என்று திரையில் ஒரு புள்ளி காட்டும். தீர்ந்த குண்டுகள் ஆகாயத்திலேயே மீண்டும் நிரம்பும். உண்மைநிலையில் அந்தப் புள்ளி இல்லை. குண்டு தீர்ந்தால் இறங்குதளத்துக்குத் திரும்பவேண்டும். சிமுலேற்றர் நிலையில் விமானியின் இருக்கையிலிருந்து மட்டுமே பார்க்கலாம். தூரத்தில் தெரியும் கறுப்புப் புள்ளி யாருடைய விமானம் என்று எழுதிக்காட்ட ஒருவரும் இல்லை.

கையிலிருக்கும் கொன்ரோலரும் ஒரு காரணம். உண்மை விமானத்தின் பிடி நீளமானது. கால்களுக்கு மிதிகள் உண்டு. கொன்ரோலரின் பிடி பெருவிரல் அளவு. மிதிகளின் வேலையைச் சுட்டுவிரலின் விசைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு மில்லிமீற்றர் அசைவு பெரிய மாற்றமாகிவிடும் என்பதால், விளையாட்டு நமது கையை மெல்லத் திருத்திக்கொண்டே இருக்கும். ஏஸ் கொம்பாட்டின் சாதாரண முறையில் பிடியை இடப்பக்கம் தள்ளினால் விமானம் இடப்பக்கம் திரும்பும். நிபுணர் முறையில் அது சரிய மட்டுமே செய்யும். திரும்புவதற்கு நீங்கள் இழுக்கவேண்டும். உண்மை விமானமும் அப்படித்தான். ஆகவே உங்கள் பிள்ளை எந்த முறையில் ஆடுகிறது என்று கேட்டாலே, விளையாட்டு எவ்வளவு உதவி செய்கிறது என்று தெரிந்துவிடும்.

பிளைட் சிமுலேற்றரிலும் உதவிகள் உண்டு. எல்லாம் போட்டால் ஆறு வயதுப் பிள்ளையும் பறக்கலாம். ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போனால் ஒரு பாடத்திட்டம் போல ஆகிவிடும். நானும் மகனும் அப்படித்தான் செய்தோம். இறங்குவதுதான் கடைசி வரை கடினம். வழக்கமான இறங்குபாதை மூன்று பாகைச் சரிவு. ஒரு கடல்மைலுக்கு சுமார் 300 அடி இறங்கவேண்டும். வேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது வந்துவிடும். 70 நொட் என்றால் 350 அடி. கணக்கை நான் சொல்வேன், பிடியை அவன் பிடிப்பான். நான் பிடித்த நாட்களில் விமானம் பெரும்பாலும் புல்லில்தான் நின்றது.

விமானியாக ஆசைப்படும் பிள்ளை

"இதை விளையாடினால் பைலட் ஆகலாமா?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நேரான பதில்: வீட்டுக் கொன்சோலில் பறந்த மணித்தியாலங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஐரோப்பிய விதிகளின்படி தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 45 மணித்தியாலப் பயிற்சி வேண்டும். அதில் 5 மணித்தியாலம் வரை அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிச் சாதனத்தில் செய்யலாம். வீட்டு எக்ஸ்பொக்ஸ் அந்த வகையில் சேராது. தனியே பறக்க 16 வயது, உரிமம் பெற 17 வயது. எஞ்சினில்லாத கிளைடர் என்றால் 14 வயதிலேயே தனியே பறக்கலாம். அதற்குச் செலவும் குறைவு. உண்மையில் ஆர்வமுள்ள பிள்ளையை முதலில் அருகிலுள்ள கிளைடர் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆனாலும் சிமுலேற்றரில் கற்றது வீண்போகாது. கருவிகளின் பெயர், சரிபார்ப்புப் பட்டியலின் ஒழுங்கு, காற்றின் திசை பார்த்து ஓடுபாதையைத் தெரிவது எல்லாம் மனதில் பதியும். கூடவே ஒரு கெட்ட பழக்கமும் பதியும். திரையில் பழகியவர்கள் வெளியே பார்க்காமல் கருவிகளையே பார்ப்பார்கள். அடிவானத்தைப் பார்த்துப் பறக்கவேண்டிய ஆரம்பப் பயிற்சியில் இது இடைஞ்சல். இன்னொன்று, சோபாவில் இருப்பவரின் உடம்புக்கு எதுவும் நடப்பதில்லை. உண்மை விமானத்தில் இருக்கை உங்களை அழுத்தும், தூக்கும். மேகத்துக்குள் போனால் காது உங்களுக்குப் பொய் சொல்லும். சரிந்துகொண்டிருப்பவர் நேராக இருப்பதாகவே உணர்வார். எந்தக் கொன்சோலும் அதைக் கற்றுத்தராது.

பலாலியிலிருந்து ஐந்து நிமிடம்

பிளைட் சிமுலேற்றர் உலகம் முழுவதையும் செய்மதிப் படங்களிலிருந்து கட்டியிருக்கிறது. 37,000 இற்கு மேற்பட்ட இறங்குதளங்கள் அதில் உண்டு. ஒரு ஞாயிறு மகன், "அப்பா, எங்கேயிருந்து போவம்?" என்று கேட்டான். "பலாலி" என்று சொன்னேன்.

எனது ஊர் வசாவிளான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்த பலாலி இறங்குதளத்துக்கு அருகே இருக்கிறது. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு மக்களோடு நாங்களும் வெளியேறினோம். அந்த நிலம் உயர்பாதுகாப்பு வலயமானது. 2019 ஒக்டோபர் 17 அன்று அதே பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது.

செஸ்னா எழும்பித் தெற்கே திரும்பியது. 100 நொட் என்றால் மணிக்கு 185 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகரம் நேர்கோட்டில் 16 கிலோமீற்றர் அளவு. ஐந்து நிமிடத்தில் கடல்நீரேரி தெரிந்தது. 1990 இல் அம்மாவைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு அதே தூரத்தை நாங்கள் கடந்தது மூன்று நாளில்.

திரும்பி வந்து ஊருக்கு மேலே வட்டமடித்தோம். ஓடுபாதை ஒழுங்காக இருந்தது. ஊர் அப்படி இல்லை. இந்த விளையாட்டில் நிலத்தின் படம் உண்மை. அதன்மேல் நிற்கும் வீடுகளும் மரங்களும் பெரும்பாலும் அந்தப் படத்தைப் பார்த்து இயந்திரம் ஊகித்து வைத்தவை. எங்கள் வளவு இருக்கவேண்டிய இடத்தில் பச்சையாக ஏதோ மரங்கள் நின்றன. பனை என்று சொல்லக்கூடியதாக இல்லை. கோவிலடி எது, பள்ளிக்கூடம் எது என்று மகனுக்குக் காட்ட முயன்றேன். சந்தியையும் வீதியின் வளைவையும் வைத்துத்தான் காட்ட முடிந்தது.

"அப்பா, அவங்கள் எந்த உயரத்தில வந்தவங்கள்? மேல இருந்து பாக்க உங்களைத் தெரிஞ்சிருக்குமா?" என்று அவன் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அவன் 1,000 அடிக்கு இறக்கினான். கூரைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வீதிகள் தெரிந்தன. வீதியில் ஆட்கள் இல்லை. இந்த விளையாட்டின் ஊர்களில் மனிதர்கள் கிடையாது.

அப்போதுதான் எனக்கு இந்த முழுக் கட்டுரையும் விளங்கியது. காற்று, நிறை, எரிபொருள், மேகம், விமானியறையின் ஒவ்வொரு ஆளி. இவற்றில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் ஆர்கேட்டும் சிமுலேற்றரும் வேறுபடுகின்றன. இரண்டும் இருக்கையில் இருப்பவரின் பக்கத்துக் கணக்கு. கீழே பதுங்குகுழிக்குள் இருந்தவர்களின் பக்கம் இந்த இரண்டு புத்தகங்களிலும் திறக்கப்படவே இல்லை. அதை எழுதுவது விளையாட்டுச் செய்பவர்களின் வேலை என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் அதைச் சொல்லக்கூடிய ஆள் நான்தான். 1990 ஆனி மாதத்தைப் பற்றி அன்று மாலை முதன்முறையாக அவனிடம் ஒழுங்காகச் சொன்னேன். விமானம் தானியங்கியில் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். விமான விளையாட்டு என்றவுடன் தடுக்கவேண்டாம். எதை ஆடுகிறது, எந்த உதவிகளோடு ஆடுகிறது என்று கேளுங்கள். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடும் போர் விளையாட்டுகளில் யாரோடு பேசுகிறது என்றும் பாருங்கள். முடிந்தால் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருங்கள். மகன் இன்றும் ஏஸ் கொம்பாட் ஆடுகிறான். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் ஒத்துவராது. ஆனால் இப்போது அவனே ஹெட்போனை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். ஏன் என்று அவனுக்குத் தெரியும்.